கரண்ட் போன பிறகும் ஆட்டம்

2016 அக்டோபர் 20 அன்று நிண்டெண்டோ நிறுவனம் மூன்றரை நிமிட வீடியோ ஒன்றை வெளியிட்டது. ஓர் இளைஞன் வீட்டில் டிவி முன் உட்கார்ந்து ஸெல்டா ஆடிக்கொண்டிருக்கிறான். நாயை வெளியே கூட்டிப்போக வேண்டும். டிவி பக்கத்தில் இருக்கும் பெட்டியிலிருந்து ஒரு திரையை உருவுகிறான், இரண்டு பக்கமும் கைப்பிடிகளைச் சொருகுகிறான், விட்ட இடத்திலிருந்து அதே ஆட்டத்தைப் பூங்காவில் தொடர்கிறான். அப்புறம் விமான நிலையம், விமானம், மொட்டைமாடிக் கொண்டாட்டம். எல்லா இடத்திலும் அந்தத் திரை கூடவே போகிறது. 2017 மார்ச் 3 அன்று ஸ்விட்ச் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது.

அந்த வீடியோவில் ஒருமுறைகூட கரண்ட் போவதில்லை. போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து அதைப் பார்க்கிற ஆளுக்கு முதலில் உறுத்துவது அதுதான். வீட்டில் ஆடுகிற ஆட்டம் கைக்கு வருவதற்கு எங்கள் ஊரில் நாய் தேவைப்பட்டிருக்காது. மின்வாரியமே போதும்.

வீட்டு கன்சோலும் கைக்கருவியும் ஒன்றாகக் கலந்த இயந்திரம் ஜெயிக்குமா என்பது அன்று பெரிய கேள்வி. எங்கள் ஊர்ப்பக்கம் ஹைபிரிட் என்றால் நினைவுக்கு வருவது தக்காளி. பார்க்க நன்றாக இருக்கும், ருசி இருக்காது என்பார்கள். ஸ்விட்ச் பற்றியும் கிட்டத்தட்ட அதையே சொன்னார்கள். டிவியில் பிளேஸ்டேஷன் 4 அளவுக்கு வேகம் கிடையாது, பாக்கெட்டில் போன் அளவுக்கு அடங்காது, இரண்டிலும் அரைகுறை. இன்று அது 15 கோடிக்கும் மேல் விற்றாகிவிட்டது. 2025 ஜூன் 5 அன்று வந்த ஸ்விட்ச் 2, முதல் நான்கே நாளில் 35 லட்சம் விற்றது. ஆக, கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் ஏன் ஜெயித்தது, அந்த வெற்றி ஏலமலை அடிவாரம்வரை வந்ததா என்ற இரண்டும் மிச்சமிருக்கின்றன.

தோற்றுப்போன அண்ணன்கள்

இந்த யோசனை நிண்டெண்டோவுக்கு 2016-ல் திடீரென்று உதித்ததல்ல. 1990-லேயே என்.இ.சி. நிறுவனம் பிசி எஞ்சின் ஜிடி என்ற கைக்கருவியைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் அதன் பெயர் டர்போ எக்ஸ்பிரஸ். வீட்டு கன்சோலில் போடுகிற அதே அட்டையை இதிலும் போட்டு ஆடலாம். அமெரிக்க விலை 250 டாலர். ஆறு பேட்டரி போட்டால் மூன்று மணி நேரம்தான் தாங்கும்.

1995-ல் சேகா இன்னும் ஒரு படி மேலே போனது. நோமாட் என்ற கைக்கருவி, மெகா டிரைவின் அமெரிக்க வடிவமான ஜெனிசிஸின் கேசட்டுகளை அப்படியே ஏற்றுக்கொண்டது. அதில் டிவிக்கு ஒயர் போடும் துளையும் இருந்தது. கையிலும் ஆடலாம், டிவியிலும் ஆடலாம். ஸ்விட்ச்சின் இலக்கணம் அத்தனையும் அதற்குப் பொருந்தும். ஆனால் அது ஆறு பேட்டரியை இரண்டு மூன்று மணி நேரத்தில் குடித்துவிடும். போதாக்குறைக்கு, அது வந்தபோது அதே சேகா அடுத்த தலைமுறை கன்சோலான சாட்டர்னை அமெரிக்கக் கடைகளில் இறக்கிவிட்டிருந்தது. பழைய வீட்டுக்குப் புதுத் திண்ணை கட்டிய கதை. வட அமெரிக்காவைத் தாண்டி நோமாட் போகவேயில்லை.

சோனி 2007-ல் பிஎஸ்பியின் இரண்டாவது வடிவத்தில் டிவிக்கு ஒயர் கொடுத்துப் பார்த்தது. 2012-ல் நிண்டெண்டோவின் வீ யூ வந்தது. கைப்பிடியின் நடுவிலேயே ஒரு திரை. யாராவது டிவி பார்க்க வேண்டுமென்றால் ஆட்டத்தைக் கைத்திரைக்கு மாற்றிக்கொள்ளலாம். நம் வீடுகளில் சாயங்காலம் சீரியல் ஆரம்பித்ததும் நடக்கிற சண்டைக்கு ஜப்பானில் கண்டுபிடித்த மருந்து மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்தத் திரைக்குச் சொந்த மூளை கிடையாது. படத்தை வரைவது டிவியடியில் இருக்கும் பெட்டிதான். சில மீட்டர் தள்ளிப்போனால் இணைப்பு அறுந்துவிடும். வீட்டில் கரண்ட் போனால் இரண்டு திரையும் சேர்ந்தே அணையும். விற்றது சுமார் 1.35 கோடி. அதற்கு முந்தைய வீ 10 கோடிக்கும் மேல் விற்றிருந்தது என்பதோடு ஒப்பிட்டால் அடி எவ்வளவு பலம் என்று தெரியும்.

இந்த வரிசையில் தொழில்நுட்பப் பிழைகள் நிறைய உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நோமாட்டும் டர்போ எக்ஸ்பிரஸும் வீட்டு இயந்திரத்தை அப்படியே தூக்கிக் கையில் கொடுத்தன. வீட்டு இயந்திரம் சுவரிலிருந்து கரண்ட் குடித்து வளர்ந்த பிள்ளை. கையில் வந்த பிறகும் அதே பசி.

இரண்டு அடுப்பு, ஒரு சமையல்

ஸ்விட்ச் இந்தப் பசியை எப்படிச் சமாளித்தது என்பது எளிய கணக்கு. அதன் கைத்திரையில் 1280-க்கு 720, அதாவது 9,21,600 புள்ளிகள். டிவியில் ஆடும்போது 1920-க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். சிறிய திரைக்குப் பாதிக்கும் குறைவான புள்ளிகளை வரைந்தால் போதும். அதனால் கையில் இருக்கும்போது வரைகலைச் சில்லின் வேகத்தையும் பாதிக்குக் குறைத்துவிடலாம். வேகம் குறைந்தால் சூடு குறையும், பேட்டரி நீடிக்கும். பெட்டியில் வைத்ததும் சுவர் கரண்ட் வருகிறது, வேகம் ஏறுகிறது. ஆட்டம் ஒன்றேதான், தீயைக் கூட்டிக் குறைப்பதுதான் வித்தை. முதல் ஸ்விட்ச் ஆட்டத்தைப் பொறுத்து இரண்டரை மணி முதல் ஆறரை மணி நேரம்வரை கையில் தாங்கியது.

இதைச் சாத்தியமாக்கிய சில்லு என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1. கைபேசிகளுக்கும் டேப்லெட்களுக்கும் என்று வளர்ந்த வம்சத்தில் வந்தது. கைக்கருவிகளைப் போன் விழுங்கிவிடும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் போன் சந்தை வளர்த்துவிட்ட சில்லை எடுத்துத்தான் நிண்டெண்டோ தப்பித்தது.

சில்லை விடப் பெரிய காரணம் ஒன்று அலுவலகத்துக்குள் இருந்தது. நிண்டெண்டோ பல ஆண்டுகளாக இரண்டு குடித்தனம் நடத்திவந்தது. டிவி கன்சோலுக்கு ஒரு கூட்டம், கைக்கருவிக்கு ஒரு கூட்டம். இரண்டுக்கும் தனித்தனி ஆட்டங்கள் செய்தாக வேண்டும். டிவிகள் எச்டி ஆனபிறகு ஓர் ஆட்டத்துக்கு ஆகும் ஆளும் செலவும் பல மடங்கு ஏறின. வீ யூவுக்கு ஆட்டங்கள் போதவில்லை என்பது அதை வாங்கியவர்களின் நிரந்தரப் புகார். 2013-ல் அன்றைய தலைவர் சதொரு இவாதா, இரண்டு கருவிகளையும் உருவாக்கும் பிரிவுகளை ஒன்றாக்கினார். அடுத்த ஆண்டு முதலீட்டாளர்களிடம் பேசும்போது, இனிவரும் கருவிகள் ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிபோல இருக்க வேண்டும், ஒன்றுக்குச் செய்த வேலை இன்னொன்றுக்கும் உதவ வேண்டும் என்ற பொருளில் விளக்கினார். 2015 ஜூலையில் அவர் இறந்துபோனார். ஸ்விட்ச்சின் வெற்றியைப் பார்க்கவில்லை.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் இந்த இடம்தான் எனக்கு உறைக்கிறது. இரண்டு இடத்தில் ஓடும் ஒரு பொருளைச் செய்வதில் கருவியின் அழகு கடைசி விஷயம். நடுவில் இருக்கும் வேலையை ஒரே தடவை செய்தால் போதுமா என்பதே முதல் விஷயம். ஸ்விட்ச் என்பது வாங்குகிறவருக்கு டிவியும் கைத்திரையும். செய்கிறவருக்கு அது ஒரே அடுப்பு. இரண்டு கருவிகளுக்குப் பிரிந்துபோன ஆட்டங்கள் எல்லாம் ஒன்றில் வந்து குவிந்தன. அந்தக் குவியலுக்காகத்தான் மக்கள் வாங்கினார்கள். 2019-ல் டிவியோடு இணைக்கவே முடியாத ஸ்விட்ச் லைட் வந்தபோதும் அதுவும் விற்றது. கலப்பு என்பது கருவியில் மட்டும் இருந்திருந்தால் அப்படி நடந்திருக்காது.

அரசாங்கம் கொடுத்த திரை

இனி மலையடிவாரத்துக்கு வருவோம். ஏலக்காய் விளைவது மேலே, விலை படிவது கீழே. பூப்பாறை, ராஜகுமாரி, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் பறிக்கிற காய், போடியில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஏலம் கேட்கிற வியாபாரிகளிடம் வந்து சேர்கிறது. ஆட்களும் அப்படித்தான். விடிகாலையில் போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் ஏறிப் போய் பொழுதுசாயத் திரும்புகிறவர்கள் உண்டு. மேலேயே லயத்தில் தங்கிவிட்டுப் பண்டிகைக்கு மட்டும் கீழே வருகிற குடும்பங்களும் உண்டு. "அப்பா எங்கடா?" என்றால் "மேல போயிருக்காரு" என்பது இங்கே முழுமையான பதில். ஒரே குடும்பம் இரண்டு இடத்தில் வாழ்வது ஸ்விட்ச் விளம்பரத்துக்கு வெகுகாலம் முன்பே இங்கே வழக்கம்.

இங்கே ஆட்டம் வந்தது 'டிவி கேம்' என்ற பெயரில். நிண்டெண்டோ 1983-ல் ஜப்பானில் விற்ற ஃபேமிகாமின் நகல்கள், தொண்ணூறுகளில் சாமுராய், மீடியா போன்ற பெயர்களில் இந்தியா முழுக்கப் பரவின. மஞ்சள், கறுப்பு கேசட்டுகள். அட்டையில் லட்சக்கணக்கில் ஆட்டங்கள் என்று போட்டிருக்கும், உள்ளே பத்துப் பதினைந்துதான் திரும்பத் திரும்ப வரும். மரியோ, கான்ட்ரா, வாத்து சுடுகிற கேம், டாங்கி கேம். நிண்டெண்டோ என்ற பெயரைக் கேள்விப்படாமலேயே ஒரு தலைமுறை மரியோவை ஆடி வளர்ந்தது. வாங்க முடியாதவர்கள் மணிக்கணக்குக்கு வாடகை வாங்கிய கடைகளில் ஆடினார்கள்.

கையில் ஆடுவதற்கு பிரிக் கேம் இருந்தது. செங்கல் விழுகிற டெட்ரிஸ். இரண்டு பேட்டரி போட்டால் நாள்கணக்கில் ஓடும். ஆனால் திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. ராத்திரி கரண்ட் போனால் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்துத்தான் ஆட முடியும். 1989-ல் வந்த அசல் கேம்பாய்க்கும் அந்தக் குறை இருந்தது.

பிறகு தமிழ்நாட்டில் மட்டும் ஒன்று நடந்தது. 2006 செப்டம்பர் 15 அன்று கலைஞர் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குல டிவிகள் வீடுகளுக்குப் போய்ச்சேர்ந்தன. கன்சோல் வரலாற்றை எழுதுகிறவர்கள் யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் யோசித்துப்பாருங்கள். ஒரு வீட்டு கன்சோலுக்குத் தேவையான விலையுயர்ந்த பாதி, திரைதான். அந்தப் பாதியை ஓர் அரசாங்கம் வாங்கி வீடுவீடாக இறக்கிவைத்தது. டிவிடி பிளேயருக்கு ஒயர் சொருகிய துளைகளில் டிவி கேமையும் சொருகலாம்.

இரண்டே வருடத்தில் மறுபாதிக் கதை வந்தது. 2008-ல் அறிவிக்கப்பட்ட மின்வெட்டு, 2012-ல் உச்சத்தைத் தொட்டது. சென்னைக்கு இரண்டு மணி நேரம். வெளியே பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். கான்ட்ராவில் கடைசி முதலாளியிடம் போகும்போது டிவி அணையும். பழைய கேசட்டுகளில் விட்ட இடத்தைச் சேமிக்கிற வசதி பெரும்பாலும் கிடையாது. மறுபடி முதல் கட்டத்திலிருந்து.

ஆக, டிவி எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, கரண்ட் பாதி நேரம் இல்லை. இரண்டுங்கலந்த கருவிக்கு இதைவிடப் பொருத்தமான சந்தையை உலகத்தில் எங்கே தேடுவது? நிண்டெண்டோ தேடவில்லை. 2017-ல் ஸ்விட்ச் வந்தபோது அந்த நிறுவனம் அதை இந்தியாவில் முறையாக வெளியிடவேயில்லை. 299.99 டாலர், அன்றைய கணக்கில் சுமார் 20,000 ரூபாய். இறக்குமதி செய்கிறவர்கள் கைக்கு வந்து இங்கே சேரும்போது அதற்கும் மேல்.

திருவிழாக் கடையில் ஒரு ஹைபிரிட்

அந்த இடத்துக்கு வேறொன்று வந்தது. ஸ்விட்ச் வந்த அடுத்த ஓரிரு ஆண்டுகளில், ஃபேன்சி ஸ்டோர்களிலும் திருவிழாக் கடைகளிலும் ஒரு சின்னப் பெட்டி தொங்க ஆரம்பித்தது. கேம்பாய் சாயல். மேலே 'சப்' என்று எழுதியிருக்கும், பக்கத்தில் '400 இன் 1'. மூன்று அங்குல வண்ணத் திரை, பின்விளக்கோடு. விலை சில நூறு ரூபாய். கூடவே ஒரு ஒயர் வரும். ஒரு முனையைப் பெட்டியில் சொருகி, மறுமுனையை டிவியின் மஞ்சள் துளையில் சொருகினால் அதே ஆட்டம் டிவியில் ஓடும். சிலவற்றோடு இரண்டாவது ஆளுக்கு ஒரு கைப்பிடியும் உண்டு.

இலக்கணப்படி இது சுத்தமான ஹைபிரிட் கன்சோல். கையில் ஆடலாம், வீட்டில் ஆடலாம், இரண்டு பேர் ஆடலாம், ஆட்டங்கள் ஒன்றே. நோமாட் எங்கே தோற்றதோ அங்கே இது தோற்கவில்லை. காரணம், உள்ளே இருப்பது 1983-ன் ஃபேமிகாம். அன்று ஒரு பலகை நிறைய இருந்த சில்லுகள் இன்று ஒற்றைப் பொட்டுக்குள் சுருங்கிவிட்டன. அதற்குக் கரண்ட் மிகக் கொஞ்சம் போதும்.

அந்தக் கொஞ்சத்தையும் கொடுப்பது பிஎல்-5சி பேட்டரி. நோக்கியா 1100 வைத்திருந்த யாருக்கும் அந்தத் தட்டைப் பேட்டரி தெரிந்திருக்கும். 2007 ஆகஸ்டில் அந்த வகையில் 4.6 கோடி பேட்டரிகள் சூடேறலாம் என்று நோக்கியா எச்சரித்தது, எல்லோரும் போனைத் திறந்து எண்ணைச் சரிபார்த்தோம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அந்தப் பேட்டரி மட்டும் சாகவில்லை. எந்த மொபைல் கடையிலும் கிடைக்கும், அதனால் எந்தச் சீனப் பொம்மைக்கும் அதுவே அளவு.

கேம்பாயை உருவாக்கிய கும்பெய் யோகோய்க்கு ஒரு கொள்கை இருந்தது. புதுத் தொழில்நுட்பத்தைத் துரத்தாதே. விலை விழுந்து, குறைகள் எல்லாம் தெரிந்து, காய்ந்துபோன தொழில்நுட்பத்தை எடுத்து யாரும் யோசிக்காத திசையில் பயன்படுத்து. முப்பத்தைந்து வருடப் பழைய சில்லு, பத்துப் பதினைந்து வருடப் பழைய பேட்டரி, மூலையில் தள்ளிவைத்த அரசாங்க டிவி. யோகோயின் கொள்கையை இதைவிட விசுவாசமாகக் கடைப்பிடித்த கருவி எதுவும் எனக்குத் தெரியாது. அதைச் செய்தவர்கள் அவர் பெயரைக் கேட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

மின்வெட்டின் உச்சம் அப்போது முடிந்திருந்தது. ஆனால் மேலே கதை வேறு. ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை பிடித்தால் மரம் விழும், கம்பி அறும், கரண்ட் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. இருட்டில் பின்விளக்குத் திரைக்கு அங்கே இன்னும் மதிப்பு இருந்தது.

இதன் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். அந்த 400 ஆட்டங்களில் பெரும்பாலானவை திருட்டு. எழுதியவர்களுக்கு ஒரு பைசா போகவில்லை. ஸ்விட்ச்சின் வெற்றி ஆட்டம் செய்கிறவர்களின் உழைப்பை ஒன்றாக்கியதில் இருக்கிறது என்றால், சப்பின் வெற்றி அந்த உழைப்புக்குக் கூலியே கொடுக்காததில் இருக்கிறது. அதனால்தான் அது வளரவும் இல்லை. 400-க்கு அப்புறம் 500 வரும், அதே மரியோ, அதே டாங்கி. புதிதாக ஓர் ஆட்டம் அதற்கென்று யாரும் எழுதப்போவதில்லை. போடியில் நடக்கும் ஓர் ஆட்டத்தை, ஜீப் வளைவில் திரும்பும் ஓர் ஆட்டத்தை, யார் எழுதுவார்கள்? எழுதினால் யார் காசு கொடுப்பார்கள்?

போன் எடுத்துக்கொண்டது

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. ஸ்விட்ச் வீடியோவுக்கு ஆறு வாரம் முன்பு. இந்தியாவைப் பொறுத்தவரை பெரிய சம்பவம் எது என்பதில் சந்தேகமில்லை. 2018-ல் பப்ஜி மொபைல். 2020 செப்டம்பரில் அரசு அதைத் தடைசெய்தபோது அழுத பிள்ளைகளை எல்லோரும் பார்த்தோம். போனிலும் படத்தை டிவிக்கு அனுப்பலாம். அந்த வகையில் அதுவும் ஹைபிரிட்தான். ஆனால் யாரும் அப்படி ஆடுவதில்லை.

ஏன் என்பதில்தான் கேள்விக்கான என் பதில் இருக்கிறது. இரண்டு வேலை செய்ய முடியும் என்பதால் ஒரு கருவி ஜெயிப்பதில்லை. இரண்டு இடத்தில் வாழ்கிற ஒருவருக்கு, அந்த இரண்டையும் ஒட்டவைத்தால் ஜெயிக்கிறது. வீ யூ ஒரே அறைக்குள் இரண்டு திரை கொடுத்தது, பிளவு என்று எதுவும் அங்கே இல்லை. நோமாட் பிளவைக் கண்டது, அதைத் தாண்டப் பேட்டரி இல்லை. ஸ்விட்ச் கண்டது, தாண்டியது. அதன் பிளவு சோபாவுக்கும் ரயிலுக்கும் நடுவில். நம் பிளவு கரண்டுக்கும் இருட்டுக்கும், மேலேக்கும் கீழேக்கும் நடுவில். போனுக்குப் பிளவே இல்லை, அது எப்போதும் கையில்தான் இருக்கிறது.

போனில் தொலைந்தது ஒன்று உண்டு. டிவி கேம் என்பது பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால்தான் ஆட்டம். "டேய், ஒரு லைஃப் குடுறா" என்று கெஞ்சுவதற்கு ஒரு தம்பி வேண்டும். போன் பெரும்பாலும் அப்பாவுடையது, ஒருவர் கையில் மட்டும் இருப்பது, அவர் மேலே போனால் அதுவும் மேலே போய்விடும். ஸ்விட்ச் தன் கைப்பிடிகளை இரண்டாகப் பிரித்து இருவரிடம் கொடுக்கும்படி செய்ததில் ஒரு பழைய அறிவு இருக்கிறது. சப் பெட்டியோடு வரும் இரண்டாவது கைப்பிடியிலும் அதே அறிவு.

2025-ல் வெளியானபோது ஸ்விட்ச் 2-ன் அமெரிக்க விலை 449.99 டாலர், அன்றைய கணக்கில் சுமார் 38,000 ரூபாய். அது மலையடிவாரத்து வீடுகளுக்கு இப்போதைக்கு வராது. சப் பெட்டியின் பேட்டரி உப்பினால், பின்மூடியைத் திறந்து, போடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மொபைல் கடையில் பிஎல்-5சி என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.